கட்டில் நின்ற இடம்

கட்டில் மட்டும்தான் வருவதாகப் பேச்சு. வேன் கதவு திறந்ததும் முதலில் இறங்கியது அம்மா.

பின்னால் அண்ணி இறங்கினாள். நாத்தனார் பாப்பாவைப் பார்த்துக் கண்ணை ஒரு உருட்டு உருட்டினாள். வழியெல்லாம் என்ன நடந்திருக்கும் என்று பாப்பாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

"கயித்தை அவுக்காதே," என்று அம்மா டிரைவரிடம் சொன்னாள். "நான் சொன்னா இறக்கு. சொல்லலைன்னா கட்டில் என்கூடவே திரும்பி வரும்."

டிரைவர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா கையிலிருந்த சுரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் அவள் போன வாரம் செய்த காரியத்தின் பலன்தான். அதைச் சொல்லும் முன் பழைய கதை சில வரிகள்.

இந்தப் பால் பண்ணையில் விடுதலைப் போராட்டக் காலத்தில் ஒரு கணவனும் மனைவியும் குடியிருந்தார்கள். பகலில் ஊருக்குப் பால் ஊற்றினார்கள். ராத்திரியில் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ரகசிய அச்சு இயந்திரம் ஓடியது. அந்தக் கணவன் பாப்பாவின் அப்பா. அந்த மனைவி பாப்பாவின் அம்மா அல்ல. சந்தேகம் வராமல் இருக்க இயக்கம் அனுப்பிவைத்த தோழி. நிஜ மனைவி அப்போது கைக்குழந்தையாக இருந்த அண்ணனோடு தன் அம்மா வீட்டில் இருந்தாள். இரண்டு வருடம்.

பிறகு சோதனை, சிறை, விடுதலை. அப்பா வீடு திரும்பினார். பாப்பா பிறந்தாள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாக்கிக்கொண்டாள். பண்ணையை அருங்காட்சியகமாக மாற்றும் வேலை அவளிடமே வந்தபோது, பார்க்க அப்பா உயிரோடு இல்லை.

போன வாரம் படுக்கையறைத் தரையில் பிற்காலத்துப் பூச்சைச் சுரண்டியபோது நான்கு பள்ளங்கள் தெரிந்தன. கட்டில் கால் பதிந்த பள்ளங்கள். மூன்று வட்டம். ஒன்று மட்டும் சதுரம்.

பாப்பாவின் கை அப்படியே நின்றது. சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போதெல்லாம் அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கால் அது. அப்பாவும் அம்மாவும் படுத்த கட்டில். மூன்று கால்கள் கடைந்தவை. ஒரு கால் மட்டும் எவனோ மாற்றிப் போட்ட சதுரக் கட்டை.

உடனே போன் போட்டாள். "அம்மா! நம்ம வீட்டுக் கட்டில் இந்த வீட்டுக் கட்டில்மா! கால் அப்படியே பொருந்துது!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்றுதான் பாப்பா நினைத்தாள். அருங்காட்சியக இயக்குநரிடம் ஓடினாள். இந்த வீட்டின் சாமான்கள் எல்லாம் சோதனைக்குப் பிறகு ஏலத்தில் போய்விட்டன. ஒரே ஒரு அசல் சாமான் கிடைத்துவிட்டது என்று குதித்தாள். தான் அம்மாவிடம் என்ன சொன்னோம் என்பது ராத்திரி சாப்பிடும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மா இப்போது படுக்கையறை வாசலில் நின்றாள்.

ஜன்னல்கள் புதிதாகப் பச்சை அடித்து மினுங்கின. அறை காலி. அண்ணி தையல்கடைப் பையிலிருந்து திரைத்துணியை எடுத்து ஜன்னலில் வைத்து அளவு பார்த்தாள். அருங்காட்சியகத்துக்குத் திரைகளும் மெத்தை உறையும் தைப்பது அவள் பொறுப்பு. அந்தச் சாக்கில் வந்திருந்தாள். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

அம்மா செருப்பைக் கழற்றினாள். சதுரப் பள்ளத்தில் கால் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"ஏலத்துல எடுத்தேன்னுதான் சொன்னார்," என்றாள். "எந்த ஏலம்னு நான் கேட்கலை. நல்ல கட்டை, சல்லிசாக் கிடைச்சுதுன்னு நானும் துடைச்சுத் துடைச்சு வெச்சேன்."

"அம்மா, அந்தக் காலத்துல..."

"நீ சும்மா இரு. போன் பண்ணி வாயெல்லாம் பல்லாச் சொன்னவதானே நீ?"

பாப்பா சுரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷம். ஒரு எட்டு வந்து பார்த்தாரா? உன் அண்ணன் தவழ்ந்தது, நின்னது, நடந்தது எதுக்காவது வந்தாரா? நாட்டுக்காகன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அங்க கட்டில் போட்டுக் குடித்தனம் நடந்திருக்கு."

"அத்தை, நடிப்புதானே அது?" என்றாள் அண்ணி, திரைத்துணிக்குப் பின்னாலிருந்து.

"நடிக்கறதுக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய பள்ளம்?"

அண்ணியின் தலை திரைக்குள் போய்விட்டது. துணி குலுங்கியது. சிரிக்கிறாள்.

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. சுண்ணாம்பு கலந்துகொண்டிருந்த கொத்தனார் எழுந்து நின்று உள்ளே குரல் கொடுத்தார். "பண்ணையம்மா வந்துட்டாங்க!"

"என்ன அம்மா?" என்றாள் அம்மா.

"இங்க இருந்த தோழியை ஊர்ல அப்படித்தான்மா கூப்பிடுவாங்களாம்," என்றாள் பாப்பா மெதுவாக. "எந்தெந்தச் சாமான் எங்கெங்க இருந்துதுன்னு காட்ட இயக்குநர் வரச் சொல்லியிருக்கார். நீ வருவேன்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சா என்னை வர வேண்டாம்னு சொல்லியிருப்பே."

பண்ணையம்மா சின்ன உருவம். வெட்டிவிட்ட நரைமுடி. தோளில் ஒரு துணிப்பை. வீட்டுக்குள் நுழைந்தவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ச் சுவரைத் தட்டினாள். "பலகை இங்க இருந்துது. இன்னும் கொஞ்சம் கீழே. எனக்கு எட்டாதுன்னு அவர் இறக்கி அடிச்சுக் கொடுத்தார்."

பாப்பா சாக்பீஸால் கோடு போட்டாள். அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தாள். வீட்டில் அம்மாவின் அடுப்படிப் பலகை இன்றும் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறுகிறாள்.

அப்போதுதான் பண்ணையம்மா திரும்பினாள். கொஞ்ச நேரம் அம்மாவை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே?" என்றாள். முகமெல்லாம் மலர்ந்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு எத்தனை வருஷமா நினைச்சுட்டு இருக்கேன். உங்க தம்பிக்கு நாய் கடிச்சது கையிலயா, கால்லயா?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன?"

"பொண்டாட்டின்னா பிறந்த வீடுன்னு ஒண்ணு வேணுமில்ல? எனக்குப் புதுசாக் கதை கட்ட வரலை. உங்களோடதை அப்படியே எடுத்துக்கிட்டேன். அவர் சொல்லிக் கொடுத்தார். கிணத்துக்குப் பக்கத்துல கொய்யா மரம், உங்க அத்தை சண்டை போட்டுட்டுப் போனது, தம்பியை நாய் கடிச்சது. போலீஸ் கேட்டப்ப கடிச்ச இடம் மறந்துபோச்சு. கால்னு அடிச்சு விட்டேன்."

"கை," என்றாள் அம்மா.

"அடடா."

"இடது கை." அம்மாவின் குரல் எங்கோ போய்விட்டது. "இதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்துதா?"

"ஒண்ணு விடாம."

அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டாள். தன் பெட்டியை யாரோ திறந்து, புடவையை உடுத்திப் பார்த்து, மடித்து வைத்தது போல இருந்தது அவளுக்கு. மடிப்புகூடக் கலையவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

தொழுவத்துப் பக்கம் போனார்கள். கறவைக்கு எந்த மாடு எந்தப் பக்கம் நிற்கும் என்று பண்ணையம்மா காட்டினாள். "கறக்கும்போது உங்கப்பா பாடுவார். மாடு உதைக்காம இருக்கறதுக்கா, அச்சு மிஷின் சத்தம் வெளிய கேட்காம இருக்கறதுக்கான்னு கேட்பேன். ரெண்டுக்கும்தான்னுவார்."

"அப்பாவா? பாடுவாரா?" என்றாள் பாப்பா.

கேட்ட பிறகுதான் தன் குரல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. அம்மாவின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய குரல் அது. அவள் அறிந்த அப்பா ரேடியோவைச் சின்னதாக வைக்கச் சொல்லக்கூட வாயைத் திறக்க மாட்டார். கையைத்தான் ஆட்டுவார். அந்த நிமிடம் பாப்பாவுக்கு அந்தச் சின்ன உருவத்தின் மேல் கோபம் வந்தது. பாடிய அப்பாவை இவளே செலவழித்துத் தீர்த்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

படுக்கையறைக்கு வந்ததும் அம்மா முந்திக்கொண்டாள்.

"கட்டில் வெளிய வேன்ல இருக்கு," என்றாள். "அது இங்கதான் இருந்துதாமே?"

"அந்தக் கட்டிலா? இன்னும் இருக்கா?" பண்ணையம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கயிற்றுக்குள் சதுரக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. "அடப்பாவி! உடையாம இருக்கே! நடுப்பலகை தொங்கிடுச்சா?"

அண்ணிதான் சொன்னாள். "தொங்குதாவா? அதுல படுத்துத்தான் அத்தைக்கு இடுப்பு வலியே. நாலு ஆசாரி பார்த்துட்டாங்க, நிமிரலை."

"எப்படி நிமிரும்? ரெண்டு வருஷம் அதுல படுத்திருந்தது ஈயமாச்சே."

"ஈயமா?" என்றாள் அண்ணி.

"அச்செழுத்துங்க," என்றாள் பண்ணையம்மா. "ஈயம். தட்டுத் தட்டா மெத்தைக்கு அடியில அடுக்கியிருப்போம். மேல விரிப்பு, ரெண்டு தலையணை. சோதனை போட வர்றவன் புருஷன் பொண்டாட்டி படுக்கிற மெத்தையைத் தூக்கிப் பார்க்கக் கூச்சப்படுவான் இல்ல? அதான் கணக்கு. பாரம் தாங்காம ஒரு கால் முறிஞ்சுபோச்சு. ராவோட ராவா சதுரக் கட்டையைப் போட்டு நிறுத்தினோம். அதுல மனுஷங்க யாரும் படுத்ததே இல்லை. படுத்தா எழுத்து முதுகுல அச்சாயிடும்."

பாப்பா குனிந்து பள்ளங்களைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. எவ்வளவு ஆழம் என்று அளந்தாள். எப்படி இவ்வளவு ஆழம் என்று கேட்கவில்லை. இரண்டு மனிதர்கள் படுத்தால் சிமெண்டுத் தரை இப்படிக் குழியாகாது. கால் பொருந்திய சந்தோஷத்தில் பாரத்தை மறந்துவிட்டாள்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கம்பியைத் தடவினாள். அவள் தோள் இறங்கியது. வந்ததிலிருந்து முதல் முறையாக.

"அப்ப நீங்க எங்க படுத்தீங்க?" என்று அண்ணி கேட்டாள். ஒரு வாய் சும்மா இருந்திருந்தால் கட்டில் அப்போதே இறங்கியிருக்கும்.

"நான் தீவன அறையில. வாங்க, காட்டறேன்."

தீவன அறை தொழுவத்தை ஒட்டி இருந்தது. ஜன்னல் இல்லை. வைக்கோல் வாசனை இன்னும் போகவில்லை. கதவைத் திறந்ததும் வெளிச்சம் நேராக எதிர்ச்சுவரில் விழுந்தது.

சுவரில், உட்கார்ந்தவர் தலை உயரத்தில், இரண்டு பழுப்புக் கறைகள். பக்கத்தில் பக்கத்தில். ஒன்று கொஞ்சம் மேலே.

"இதை அடிச்சு மறைச்சுடறேன்னு சொன்னேன்," என்றார் கொத்தனார் வாசலில் நின்றபடி. "பாப்பாம்மா தொடக் கூடாதுன்னுட்டாங்க."

"என்னது இது?" என்று அம்மா கேட்டாள்.

இந்த முறை பாப்பா அவசரப்படவில்லை. தீவன மூட்டை சாய்த்த கறை என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் மூட்டைக் கறை இல்லை.

"பாப்பா. உன்னைத்தான் கேட்கறேன்."

"எண்ணெய்க் கறைம்மா. தலை சாய்ச்சு உட்கார்ந்தா சுண்ணாம்பு எண்ணெயைக் குடிச்சுக்கும். மேல எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் வெளிய வந்துடும்."

"ஒரு நாள் சாய்ஞ்சா வருமா?"

"வராது."

அம்மா தலையை ஆட்டினாள். "படுத்திருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருக்கு."

"அத்தை!"

"உனக்குத் தெரியாதுடி. உன் புருஷன் உன்கிட்ட வள வளன்னு பேசறான். நான் கல்யாணம் பண்ணின ஆள் சாப்பாடு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்க ராத்திரி ராத்திரியா, தலையோட தலையா உட்கார்ந்து பேசியிருக்கார். பாட்டு வேற." வாசல் பக்கம் திரும்பினாள். "டிரைவரை வண்டியை எடுக்கச் சொல்லு. கட்டில் இங்க இறங்காது."

"அம்மா, ஒரு நிமிஷம்..."

அம்மா கதவு வரை போனாள். நின்றாள். திரும்பி வந்தாள். மேலே இருந்த கறைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எண்ணெய்னுதானே சொன்னே?"

"ஆமா."

"உங்கப்பா தலையில நீ எண்ணெய் பார்த்திருக்கியா?"

பாப்பா யோசித்தாள். அப்பாவின் சீப்பு நினைவுக்கு வந்தது. அது எப்போதும் காய்ந்தே இருக்கும்.

"ஒரு சொட்டு வெச்சா ரெண்டு நாள் தும்முவார்," என்றாள் அம்மா. "கல்யாணத்தன்னைக்கே எண்ணெய் வெக்க விடலை. இது அவர் தலை இல்லை."

அம்மா சொன்ன விதத்தில் ஒரு அதிகாரம் இருந்தது. அந்த வீட்டில் அன்று முதல் முறையாக அவள் மனைவியாகப் பேசினாள். பேசிவிட்டுப் பண்ணையம்மாவைப் பார்த்தாள்.

பண்ணையம்மா தோள்பையைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"அச்செழுத்துக் கோர்க்கறவர் ஒருத்தர் இருந்தார்," என்றாள். "பகல்ல இந்த வைக்கோலுக்கு அடியில தூங்குவார். ராத்திரி வேலை. வேலை முடிஞ்சா இங்க வந்து உட்காருவார். நானும் உட்காருவேன்."

"இப்ப எங்க இருக்கார்?" என்றாள் அண்ணி.

"சோதனை வந்த அன்னைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவுதான்."

அவள் கையை நீட்டினாள். மேலே இருந்த கறையைத் தொடவில்லை. கை பக்கத்திலேயே நின்றது.

"ஒரு போட்டோகூட இல்லை அவரோடது. இது இருக்குன்னு எனக்குத் தெரியாது."

கொத்தனார் வாசலிலிருந்து நகர்ந்தார். அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சற்றுமுன் பேசியதையெல்லாம் திருப்பி விழுங்க முடியுமா என்று யோசிப்பவள் போல இருந்தாள். பிறகு அவளுக்கே உரிய கேள்வி வந்தது. அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை.

"அப்ப எங்க வீட்டுக்காரர்? ராத்திரியில அவர் எங்க இருப்பார்?"

பண்ணையம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அவர் எங்க இங்க இருந்தார்? வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பிடுவாரே. விடியறதுக்குள்ள கறவைக்கு வந்துடுவார்."

"எங்க கிளம்புவார்?"

"இதென்ன கேள்வி? உங்களைப் பார்க்கத்தான்."

தொழுவத்தில் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

"போகாதீங்க, ரோடெல்லாம் போலீஸ்னு சொல்வேன். 'பொண்டாட்டி காத்துட்டு இருப்பா'ன்னுவார். நான் அன்னைக்குப் பட்ட பொறாமை கொஞ்சமில்லை." பண்ணையம்மா லேசாகச் சிரித்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் இந்தச் சுவருதான். நீங்க கொடுத்து வெச்சவங்க. ஒரு வீடு, ஒரு வாசல், இருட்டுல சைக்கிள் மிதிச்சு வர்ற ஒரு ஆள். உங்க கதையைச் சொல்லிச் சொல்லி, கடைசியில அந்த ஆள் எனக்காக வர்ற மாதிரியே ஆயிடுச்சு எனக்கு. தப்பா நினைக்காதீங்க."

அண்ணி வாயைத் திறந்தாள். பாப்பா அவள் காலை அழுத்தி மிதித்தாள்.

ஒரு எட்டு வந்து பார்த்தாரா. இந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் பாப்பா வளர்ந்தாள். கோபத்தில் கேட்டிருக்கிறாள், அழுகையில் கேட்டிருக்கிறாள், அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள். இன்று காலையில்கூடக் கேட்டாள்.

அம்மா நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா," என்றாள். "வருவார்."

பாப்பா அண்ணியின் காலிலிருந்து தன் காலை எடுக்கவில்லை.

"பின்பக்கமா வருவார். கொய்யா மரத்துல சைக்கிளைச் சத்தமில்லாம சாத்துவார்."

"குழந்தை முழிச்சுக்குமா?" என்று பண்ணையம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது அவள் முகம்.

"முழிச்சுக்கும். அவர் தூக்கினா அழாது." அம்மாவின் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "அவர் கிளம்பினப்புறம்தான் அழும்."

பண்ணையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படித்தான் நினைச்சேன்," என்றாள்.

"பாப்பா," என்றாள் அம்மா. "கட்டிலை இறக்கச் சொல்லு."

நான்கு பேர் தூக்கி வந்தார்கள். மூன்று கால்கள் வட்டத்தில் இறங்கின. சதுரக் கால் சதுரத்தில் இறங்கி, சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அண்ணி மெத்தை உறையை விரித்தாள். பண்ணையம்மா இரண்டு தலையணைகளை எங்கே வைப்பது என்று காட்டினாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு தலையணையை நேராக்கினாள்.

வேன் கிளம்பும் நேரம். அண்ணி முன்னால் ஏறிவிட்டாள். அம்மா ஏறவில்லை. கட்டிலைக் கட்டி வந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பாப்பா பக்கத்தில் போனாள்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்னே?"

"பின்னே? அவ முன்னாடி என்னத்தைச் சொல்லச் சொல்றே? அத்தனை வருஷமா என்னைப் பார்த்து வயிறெரிஞ்சிருக்கா. அதுவும் இல்லைன்னு சொல்லணுமா?"

கயிற்றின் கடைசி முடிச்சை அவிழ்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சுவத்தைச் சுரண்டுவியோ, தரையைத் தோண்டுவியோ, எனக்குத் தெரியாது. பொண்டாட்டி காத்துட்டு இருப்பான்னு சொல்லிட்டு அந்த மனுஷன் எந்த வாசல்ல போய் சைக்கிளைச் சாத்தினார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."